தலைமாட்டில் சுவர்

என் மகள் வீட்டில் தூங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நன்றாகவே தூங்கினாள். வரலாற்றுப் பாடத்தில் மேசை மேல் கவிழ்ந்துகொண்டு, கணக்குப் பாடத்தில் கன்னத்துக்குக் கை கொடுத்துக்கொண்டு, பள்ளித் திடலில் நடக்கும் திங்கட்கிழமை சபைக்கூடலில் தோழியின் தோளில் சாய்ந்து நின்றுகொண்டே கூட. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. எஸ்.பி.எம் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை அடுத்த வருடம். ஆலோசக ஆசிரியை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவான குரல்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை, அவள் கையில் இருக்கும் போன்தான் பிரச்சினை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செனாய் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. இயந்திரத்திலிருந்து விழும் மூடிகளையும் கைப்பிடிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எது கோணல், எது கீறல் என்று பிரித்துப் போடவேண்டும். குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நம் வீட்டில் நீதான் என்று என் கணவர் சொல்வார். அவருக்குச் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. எல்லைப் பாலத்தில் நெரிசல் கூடுவதற்கு முன்னால் தாண்டிவிட வேண்டும் என்று விடிவதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூலாயிலிருந்து கிளம்பிவிடுவார். அதனால் இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு படுத்தும் விடுவார். நானும் அவர் பின்னாலேயே. ஒருத்தர் எப்படித் தூங்குகிறார் என்று இன்னொருத்தர் பார்ப்பதற்கு எங்கள் வீட்டில் ஆளே கிடையாது.

போனைப் பிடுங்கி எங்கள் அறை அலமாரியில் பூட்டி வைத்தேன். அவள் சண்டை போடவில்லை. "எடுத்துக்கோ மா, எனக்கு அதுவும் வேணாம்," என்றாள். பிறகும் கண்ணுக்குக் கீழே கருப்பு போகவில்லை, பள்ளியில் தூங்குவதும் நிற்கவில்லை. சாயங்காலம் அவள் குடிக்கும் தே தாரிக்கை, அந்த நுரை பொங்க ஆற்றிய பால் தேநீரை, நிறுத்தினேன். பலன் இல்லை. ஏன் தூங்கவில்லை என்று கேட்டால், "தூக்கம் வரல" என்பாள். ஏன் வரவில்லை என்று கேட்டால், "தெரியல" என்பாள். வயசுப் பிள்ளைகளிடம் இந்த இரண்டு பதிலுக்கு மேல் வாங்குவது கஷ்டம்.

அந்தச் சமயத்தில்தான் யோங் பெங்கிலிருந்து என் நாத்தனார் வந்தார். கணவருக்கு மூத்தவர். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாக அறை அறையாகப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். மகளின் அறை வாசலில் நின்றவர் நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

"அலமாக்! வடக்க தல வெச்சா பிள்ளய படுக்க வெச்சிருக்கீங்க?"

"கட்டில் அப்படித்தான் அண்ணி வசதியா இருக்கு," என்றேன்.

"என்னா வசதி? பிள்ள தூங்கலன்னு ஊரெல்லாம் மருந்து கேட்டுக்கிட்டு இருக்கீங்க. தல வடக்க இருந்தா எப்படி லா தூக்கம் வரும்?"

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பிக்கை இல்லை என்பதற்காக நாத்தனாரிடம் மல்லுக்கு நிற்கும் தைரியமும் கிடையாது. அன்றைக்கே நானும் அவரும் கணவருமாக மூச்சு வாங்க வாங்கக் கட்டிலைத் திருப்பினோம். தலைமாடு கிழக்கே போயிற்று.

அவள் தூங்கினாள். அதுதான் வேடிக்கை. அந்த வாரமே முகம் தெளிந்தது. காலையில் நான் கூப்பிட்டும் எழுந்திருக்காமல் ஏச்சு வாங்கினாள். அவளை ஏசியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாத்தனார் யோங் பெங்கில் உட்கார்ந்துகொண்டு குடும்ப வாட்ஸாப் குழுவில் தன் வெற்றியை அறிவித்தார். சொந்தக்காரர்கள் பலர் தங்கள் கட்டில்களைத் திருப்பியதாகச் சொன்னார்கள். என் கணவர் கைப்பேசியில் திசைகாட்டியை இறக்கிக்கொண்டு வீடு முழுக்க அளந்தார்.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் அரித்தது. தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. மூடியில் கோணல் விழுந்தால், சூட்டையும் அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் மாற்றக்கூடாது. ஒன்றை மட்டும் மாற்று, பொறுத்திரு, பார். கோணல் போனால் காரணம் அதுதான். நாங்கள் மாற்றியது ஒன்றே ஒன்று, திசை. கோணல் போய்விட்டது. அப்படியானால் நாத்தனார் சொன்னதுதான் சரியா? நான் படித்த படிப்பும் பார்க்கிற வேலையும் ஒரு கட்டிலிடம் தோற்றுப்போனதா? பஸ்ஸில் போகும்போதெல்லாம் இதே யோசனை. ஆனாலும் வறட்டு இருமல் ஒன்று அவளை விடவில்லை. மாடிப்படி ஏறினால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். உடம்பு பெருத்தவர்களுக்குத்தான் அப்படி மூச்சு வாங்கும்; அவளோ ஒல்லி.

பள்ளிக்கூடம் ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்த மருத்துவரைப் பார்க்கும் முறை அதற்குப் பிறகுதான் வந்தது. ஜோகூர் பாருவில், வயசுப் பிள்ளைகளுக்கென்று நடக்கும் கிளினிக். இப்போதுதான் தூங்குகிறாளே, எதற்கு ஒரு நாள் லீவு என்று முனகிக்கொண்டே போனேன். மருத்துவர் இளம் மலாய்ப் பெண். முதலில் என்னை வைத்துக்கொண்டு கேட்டார். எப்போது படுக்கிறாள், எப்போது எழுகிறாள், பகலில் தூங்குகிறாளா, குறட்டை உண்டா, என்ன குடிக்கிறாள், விடுமுறையில் எப்படி. பாதிக் கேள்விக்கு நான் பதில் சொன்னேன்; பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை என்பது அங்கேதான் தெரிந்தது. பிறகு என்னை வெளியே உட்காரச் சொன்னார். பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டுமாம்.

வெளியே நாற்காலியில் இருந்தபடி மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இரண்டு பதிலுக்கு மேல் சொல்லாதவள் உள்ளே அப்படி என்ன பேசுகிறாள்? காதலா? யாராவது கிண்டல் செய்கிறார்களா? கதவில் காதை வைத்துக் கேட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எதிரே உட்கார்ந்திருந்த சீன அம்மாவும் அதே கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டோம்.

என்னை மறுபடி உள்ளே கூப்பிட்டபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த நாளிலிருந்து தூக்கம் நன்றாக வந்தது? அன்றைக்கு வீட்டில் என்ன மாறியது?"

எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஒரு டாக்டரிடம் போய் வடக்கு, கிழக்கு என்று எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்து, எங்கள் ஆட்களுக்கு இப்படி ஒரு பழக்கம், வடக்கே தலை வைத்துப் படுக்கமாட்டோம், அதனால் கட்டிலைத் திருப்பினோம் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "சுவர் எந்தப் பக்கம்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கையால் காற்றில் அறையை வரைந்து காட்டினேன். முன்பு தலைமாட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தோம். மழை நாளில் துணி காயப்போடும் ஸ்டாண்டு அங்கேதான் நிற்கும். கட்டிலுக்குத் தலைப்பலகை கிடையாது, வீடு மாறும்போது உடைந்துவிட்டது. இப்போது தலைமாடு கிழக்குச் சுவரை ஒட்டியிருக்கிறது. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே மெதுவாகிக்கொண்டு வந்தது. மகள் குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி தலகாணி அடுக்கினா பின்னால விழுந்துரும் மா," என்றாள். "இப்ப சுவரு இருக்குல்ல. சாஞ்சுக்கலாம்."

நாங்கள் மாற்றியது ஒன்றல்ல, இரண்டு. திசையைத் திருப்பியபோது கூடவே ஒரு சுவரும் வந்து சேர்ந்திருக்கிறது. மூடியில் முடி அளவு கீறலைக் கண்டுபிடிக்கிற எனக்கு ஒரு முழுச் சுவர் கண்ணில் படவில்லை.

மருத்துவர் அவளைப் பரிசோதனைக் கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொன்னார், தலையணை இல்லாமல். படுத்தாள். கொஞ்ச நேரத்திலேயே இருமல் வந்தது. பிறகு கழுத்தை நீட்டிக்கொண்டு, கிணற்றிலிருந்து தண்ணீர் இழுப்பதுபோல் மூச்சை இழுத்தாள். மருத்துவர் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தார். உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. அந்த மூச்சை நான் அதுவரை கேட்டதே இல்லை.

"ஏன் மா சொல்லல?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் படுத்தா அப்படித்தான் அழுத்தும்னு நெனச்சேன்," என்றாள்.

அவள் வேறு யாருடைய நெஞ்சுக்குள் படுத்துப் பார்த்தாள், ஒப்பிட்டுச் சொல்வதற்கு?

அன்றே எக்ஸ்ரே, பிறகு ஸ்கேன். மூச்சுக்குழாய்க்கு முன்னால், கொஞ்சம் வலப்பக்கமாக, எலுமிச்சம்பழம் அளவில் ஒரு நீர்க்கட்டி. பிறக்கும்போதே சிறியதாக இருந்து அவளோடு வளர்ந்திருக்கும், புற்று இல்லை, ஆனால் மல்லாந்தால் குழாயை அழுத்துகிறது, எடுத்துவிட வேண்டும் என்றார் அறுவை டாக்டர். தூக்கமின்மை என்று நாங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தது தூக்கத்தில் வந்த கோளாறே இல்லை. உடம்புதான் அவளைப் படுக்கவிடாமல் எழுப்பி எழுப்பி உயிரோடு வைத்திருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை பகலில் என் கணவரைக் காணோம் என்று தேடினேன். மகளின் கட்டிலில், அவளுடைய தலையணைகளை அடுக்கிச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்றேன். "இப்படிப் படுத்தா தூக்கம் வருதான்னு பார்க்கறேன்," என்றார். "கழுத்து வலிக்குது. எப்படித்தான் பிள்ள தூங்குச்சோ." அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது குறைவு.

மயக்க மருந்து டாக்டரை அறுவைக்கு முன்பே போய்ப் பார்க்கச் சொன்னார்கள். தமிழ்ப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். கத்தி வைக்கிறவர்தான் முக்கியம், ஊசி போட்டுத் தூங்கவைப்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கட்டிய எடுக்கறதவிட பிள்ளய தூங்க வெக்கறதுதான் இதுல கஷ்டம்," என்றார் நேரடியாக. "வழக்கமா நாங்க ஊசி போட்டு உடம்பு முழுக்க தளர விட்டுருவோம். மூச்சு மெஷின் விடும். இவளுக்கு அப்படிச் செஞ்சா, நெஞ்ச தாங்கிப் பிடிச்சிருக்கற தசையெல்லாம் தளர்ந்துரும். கட்டி அப்படியே கொழா மேல ஒக்காந்துரும். அப்புறம் மெஷின் காத்து அனுப்பினாலும் உள்ள போகாம இருக்கலாம்."

"அப்ப என்னா செய்வீங்க?" என்றேன்.

"அவளே மூச்சு விட்டுக்கிட்டே தூங்கணும். அப்படித்தான் ஆரம்பிப்போம். நடுவுல அடச்சுக்கிட்டா, எந்தப் பக்கம் திருப்பினா மூச்சு விடுவான்னு எனக்கு முன்கூட்டியே தெரியணும். பிள்ள எப்படித் தூங்குது மா? எந்தப் பக்கம் சாஞ்சு?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். தூங்குகிறவளுக்கே தெரியாது, எனக்கும் தெரியாது.

"பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றார் டாக்டர். "எனக்கு அதுதான் வேணும்."

பள்ளிக்குத் தொலைபேசியிலும் கிளினிக்கில் அரைகுறையாகவும் பதில் சொல்லிப் பழகிய எனக்கு இப்படி ஒரு வீட்டுப்பாடம் கிடைத்தது. ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் படுத்ததும் அறை மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். "நீ பாத்துக்கிட்டு இருந்தா எப்படி மா தூக்கம் வரும்?" என்று சிணுங்கினாள். வந்துவிட்டது. முதலில் தலையணைகளில் சாய்ந்தாள். கண் அயர்ந்ததும் உடம்பு தானாக வலப்பக்கம் திரும்பியது. சின்ன வயதிலிருந்து அவள் விடாத பந்தால் பெலுக், அந்த நீளமான கட்டிப்பிடிக்கும் தலையணை, அதை நெஞ்சுக்குக் கீழே கொடுத்துக்கொண்டு அதன் மேல் முன்னால் குனிந்து விழுந்தாள். வாய் லேசாகத் திறந்தது. மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. இடப்பக்கம் ஒருமுறை புரண்டாள், உடனே முகம் சுளித்து மறுபடி வலப்பக்கமே வந்தாள். ஒரு பிள்ளையைப் பெற்று பதினாறு வருடம் வளர்த்திருக்கிறேன். அவள் தூங்குவதை இப்படி உட்கார்ந்து பார்த்தது கைக்குழந்தையாக இருந்தபோதுதான். அலுக்கவேயில்லை எனக்கு. அவளிடமிருந்து பிடுங்கி வைத்திருந்த போனிலேயே அதை வீடியோப் படமாக எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "இது போதும்," என்றார்.

மகளுக்குத்தான் கேள்விகள் தீரவில்லை. "அந்தத் தூக்கத்துல கனவு வருமா டாக்டர்? அது தூக்கக் கணக்குல சேருமா?"

"அது தூக்கமே இல்ல," என்றார் அவர். "தூங்கறப்ப நீ உள்ளதான் இருப்ப, தட்டினா கதவ தொறந்துக்கிட்டு வருவ. இதுல கதவு சாவி எங்கிட்ட இருக்கும். வேல முடிஞ்சதும் நான்தான் தொறப்பேன்."

"தொறப்பீங்கல்ல?" என்று கேட்டாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள், அப்போது சிரிக்கவில்லை.

"தொறக்கறதுக்குத்தான் உங்க அம்மாவ பாத்துட்டு வரச் சொன்னேன்."

அறுவை நாளன்று என் கணவர் லீவு போட்டார். அவள் மயங்கும்வரை ஒருவர் கூட இருக்கலாம் என்றார்கள். "நீ போ, நீதான் பாத்த," என்றார் அவர். எனக்குப் பச்சை அங்கியும் தலைக்குத் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். உள்ளே குளிர். இத்தனை விளக்குகளும் இயந்திரங்களும் இருக்கிற அந்த அறையில் டாக்டர் என்னிடம் கேட்டது, "தலகாணிய நீங்க வைங்க மா, வீட்டுல இருக்கற மாதிரி."

ஆஸ்பத்திரித் தலையணைகளை அடுக்கினேன். போர்வையைச் சுருட்டி அவள் கட்டிப்பிடிக்கக் கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்," என்றேன். தாதி நகர்த்தினார். மகள் தலையை அசைத்து இடம் பார்த்துக்கொண்டு, "ஆ, இப்ப சரி," என்றாள். முகத்தில் மயக்க வாயு வரும் மூடியை வைத்தார்கள். மூடியோடு ஒரு பை தொங்கியது. அவள் மூச்சு இழுக்கும்போது சுருங்கியது, விடும்போது உப்பியது. என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பை மட்டும் சுருங்கி உப்பிக்கொண்டிருந்தது. "அவளே விடறா, பாத்தீங்களா?" என்றார் டாக்டர் பையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு என்னை வெளியே அனுப்பினார்கள்.

வெளியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று நான் பார்க்கவில்லை. கணவர் வாங்கி வந்த காப்பி ஆறிப்போனது. எனக்கு அந்தப் பை மட்டும் கண்ணுக்குள் சுருங்கி உப்பிக்கொண்டிருந்தது. அது நிற்காமல் இருக்கவேண்டும் என்று நான்தான் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "ஏன் இப்படி மூச்சு வாங்கற?" என்று அவர் கேட்டார்.

மயக்க மருந்து டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். கட்டி முழுசாக வந்துவிட்டது என்றார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மெதுவா படுக்கப் போட்டப்ப ஒரு இடத்துல பை அசையாம நின்னுருச்சு மா. உங்க படத்துல பாத்த மாதிரியே வலப்பக்கம் திருப்பி முன்னால சாச்சோம். திரும்ப விட ஆரம்பிச்சா. அந்த இடைவெளியில மெஷின் கொழாய கட்டிக்கு அந்தப் பக்கம் எறக்கிட்டேன்." சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதேன்.

அவள் கண் விழித்ததும் குரல் கரகரத்தபடி கேட்டது இதுதான்: "கனவே வரல மா. ஏமாத்திட்டாங்க."

காயம் ஆறி, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம். நான் லீவில் இருந்தேன். யோங் பெங் நாத்தனார் பலாச்சுளைப் பையோடு வந்தார். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவர் ஹாலிலேயே நின்றுவிட்டார். பள்ளிச் சட்டையைக் கூட மாற்றாமல் மகள் விசிறிக்குக் கீழே வெறும் பாயில் படுத்திருந்தாள். மல்லாந்து, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு. தலை நேர் வடக்கே.

"அட கடவுளே, மறுபடி வடக்க..." என்று குரலை எடுத்தார் நாத்தனார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"எழுப்பாதீங்க அண்ணி."

"தல எங்க இருக்குன்னு பாரு!"

"தல இருக்கட்டும் அண்ணி. தலகாணி எங்க கெடக்குன்னு பாருங்க."

அது சோபாவுக்கு அந்தப் பக்கம், அவள் எட்டித் தள்ளிய இடத்தில் கிடந்தது. நாத்தனார் அதைப் பார்த்தார். பிறகு அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார். பலாச்சுளைப் பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.